கீழ்வீட்டு ஹோலில் ஒரு வயர்

ரொறன்ரோவில் இருக்கும் ஐந்து பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு பின்னேரங்களில் நான் ஒன்லைனில் கணிதம் படிப்பிக்கிறேன். எனக்குப் பின்னேரம், அவர்களுக்குக் காலை. ஒருநாள் என் கணினித் திரையைக் காட்டிப் பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, ஐவரில் மிகச் சிறியவள் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், உங்கட ஸ்க்ரீன்ல கீழ என்னவோ எழுதியிருக்கு."

திரையின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி. இந்த இயங்குதளம் முறைப்படி வாங்கப்பட்டதல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. கணினியைத் திருத்தக் கொடுத்தபோது கடையில் போட்டுத் தந்தது அது. திருகோணமலையில் எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அந்த வரிகள் என் கண்ணில் படாமல் போய் நெடுங்காலம்.

அவள் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தாள். பிறகு கேட்டாள். குற்றம் பிடிக்கும் குரல் அல்ல, உண்மையாகவே அறிய விரும்பிய குரல்.

"அப்ப நீங்க அதைக் களவெடுத்தனீங்களா?"

மற்ற நான்கு பிள்ளைகளும் திரையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்த தாய் ஓடி வந்து, "டீச்சரிட்ட அப்பிடிக் கேக்கக்கூடாது" என்று மகளின் வாயைப் பொத்தினார். அதுதான் என்னைக் கொன்றது. பிள்ளை கேட்டது வெறும் கேள்வி. தாய் பொத்தியதோடு அது உண்மையாகிவிட்டது. நான் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் பின்னத்துக்குத் திரும்பினேன். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டிப் பிழையான விடை எழுதினேன்.

அந்த வாரமே அதை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், பிரதி எடுத்து அயலுக்கும் கொடுக்கலாம், களவில்லை. ஒரு தமிழ் வீடியோவைப் பார்த்துப் பார்த்து நானே செய்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில், யாரிடமும் கேட்காமல் ஒரு கணினியை முழுதாக மாற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்கு. பட்டியல்களெல்லாம் தமிழில் வந்தன. திரை சுத்தமாக இருந்தது. மூலையில் எழுத்து எதுவும் இல்லை.

வைஃபையும் இல்லை.

என் பழைய கணினிக்குள் இருந்த வைஃபை அட்டையைச் செய்தவர்கள், அதை இயக்கும் மென்பொருளைத் திறந்து கொடுக்கவில்லையாம். அதனால் லினக்ஸுக்கு அந்த அட்டை அங்கே இருப்பதே தெரியவில்லை. என் போனிலிருந்து இணையம் எடுத்துப் பார்த்தேன். உட்துறைமுகத்துக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய காரியம். பிள்ளைகளின் முகங்கள் வாய் திறந்தபடியே உறைந்து நின்றன.

நான் இருந்தது ஒரு மேல்வீட்டில், வாடகைக்கு. தம்பலகாமத்தில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. நான் கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூட வேலைக்காகத் திருகோணமலைக்கு வந்து, அந்த வேலையை விட்டபிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரர்கள். அவரை நானா என்றும் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன்; அண்ணன், அக்கா என்பதற்கு முஸ்லிம்களின் சொல். நானாவுக்குப் படகுகள் கட்டும் ஜெட்டிப் பக்கம் வலை, நங்கூரம், கயிறு விற்கிற கடை. ஒரே மகள், படித்து முடித்து நகரத்தில் ஒரு கந்தோரில் கணக்குப் பகுதியில் வேலை செய்தாள். அவர்களுடைய இணையத்தைத்தான் நானும் பாவித்தேன், மாதச் செலவில் என் பங்கைக் கொடுத்து. அந்த ரவுட்டர் கீழ்வீட்டு ஹோலில், வாசலை ஒட்டிய முன்கூடத்தில், அலுமாரியின் மேல் இருந்தது.

வயரால் இணைத்தால் லினக்ஸில் இணையம் வந்தது. ஆனால் வயர் இருக்கிற இடத்துக்கு நான் போக வேண்டும்.

"இதுக்கென்ன டீச்சர்? கீழ வந்து படிச்சிக் குடுங்க. ஒங்கட ஊடு மாதிரித்தானே" என்றார் ராத்தா.

நானா சுவரில் துளை போட்டு மேலே வயர் இழுத்துத் தருவதாகச் சொன்னார். புதிதாக நிறம் பூசிய சுவர். எனக்காக ஒருவர் தன் வீட்டுச் சுவரைத் துளைப்பதா என்று மறுத்துவிட்டேன். "ரெண்டு கிழமைதான் நானா, அதுக்குள்ள ஒரு வைஃபை கார்ட் வாங்கிருவன்" என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம் கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அலுமாரியிலிருந்து வயர் தரைக்கு வந்து, ஹோலைக் குறுக்கறுத்து, சுவரோரம் எனக்கென்று போட்டிருந்த மேசைக்கு வந்தது. பாடம் தொடங்கியதும் வீடு அடங்கிப்போனது. தொலைக்காட்சி நாடகத்தைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தார்கள். குசினியில் கரண்டி தட்டுகிற ஒலிகூட இல்லை. நானா கடையிலிருந்து வந்தால் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தன் வீட்டுக்குள் தானே விருந்தாளி மாதிரி ஓரமாக நடந்து போவார்.

அடுத்த கிழமை இன்னொன்றைக் கண்டேன். மஃரிப் தொழுகைக்கான பாங்கு சொன்னதும் ராத்தாவும் மகளும் தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார்கள். பாய்கள் எப்போதும் ஹோலில்தான் விரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மாடிப்படியால் ஏறி இறங்கும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சிறிய அறையில் இருவர் எப்படி நெற்றி வைத்துக் குனிகிறார்கள் என்று நினைத்தபோது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றது. எழுந்து மன்னிப்புக் கேட்கவும் ஏலாது. கேட்டால் அவர்கள் செய்த உபசாரம் உடைந்துவிடும்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். பென்டிரைவ் போலச் சொருகுகிற சின்ன வைஃபை அடாப்டர் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். பெட்டியில் லினக்ஸ் என்ற பெயரும் இருந்தது. வீட்டுக்கு வந்து சொருகினேன். அதன் தலையில் இருந்த விளக்கு நீலமாக எரிந்தது. அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு சின்ன இறுவட்டு இருந்தது. என் கணினியில் இறுவட்டுப் போட இடமே இல்லை. இணையத்தில் தேடி எதையோ இறக்கி, சொன்னபடி கட்டளைகளைத் தட்டினேன். திரை முழுதும் சிவப்பாகப் பிழை வரிகள் ஓடின.

லினக்ஸ் பாவிக்கிறவர்கள் கூடிக் கதைக்கிற ஒரு இணையப் பக்கத்தில் கேள்வி போட்டேன். கணித ஆசிரியை, இலங்கை, புதிதாகத் தொடங்கியவள் என்றெல்லாம் ஆங்கிலத்தில் அழகாக அறிமுகம் செய்து, அடாப்டரின் பெயர், பெட்டியின் நிறம் வரைக்கும் எழுதினேன். யாரோ ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: "எந்தச் சிப்?" எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுதவும் வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

கீழ்வீட்டு மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு பின்னேரம் பாடம் முடிந்து நான் வயரைச் சுருட்டும்போது மேசையில் கிடந்த அடாப்டரை எடுத்துப் பார்த்தாள்.

"டீச்சர், இது வேல செய்யலயா?"

"இல்லை மகள். எந்தச் சிப் எண்டு கேக்கிறாங்க. எனக்குத் தெரியேல்ல."

"வாங்க பாப்பம்" என்று கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

அவளுக்கும் லினக்ஸ் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. அதனால் என்னைவிட வேகமாகப் போனாள். நான் மூடிவிட்டு வந்த அந்தப் பக்கத்துக்கே போய், "எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டாள். பதில் உடனே வந்தது. அந்த மனிதர் அப்படியொன்றும் கோபக்காரர் இல்லை. ஒரு கட்டளை சொன்னார். தட்டினோம். சொருகியிருக்கும் பொருளுக்குள் உண்மையில் என்ன சிப் இருக்கிறது என்று இலக்கமாகக் காட்டியது.

அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. பெட்டியில் இருக்கும் கம்பனிப் பெயரில் ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிற சிப்பை வேறு யாரோ செய்கிறார்கள். சில சிப்புகளை இயக்கும் மென்பொருள் லினக்ஸின் கருவுக்குள்ளேயே இருக்கிறது. சொருகினால் போதும். சிலதுக்கு வெளியேயிருந்து போட வேண்டும், லினக்ஸ் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது உடைந்துபோகலாம். இன்னும் மோசம், ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே படம், ஆனால் முதல் பதிப்பில் ஒரு சிப், அடுத்த பதிப்பில் மலிவான வேறொரு சிப். பதிப்பு இலக்கம் அடியில் எறும்பளவு எழுத்தில் இருக்கும். நான் வாங்கியது அந்த அடுத்த பதிப்பு.

"ஏமாத்துறாங்க டீச்சர்" என்றாள் அவள். "வெளிய ஒண்டக் காட்டி உள்ளுக்கு வேற."

"உள்ளுக்கு இருக்கிற அட்டையையே மாத்தினால் என்ன?" என்று நான் கேட்டேன். அதையும் தேடினோம். அடிப்பக்க ஆணிகளைக் கழற்றி மாற்றலாம்தான். ஆனால் என் கணினியைச் செய்தவர்கள் தாங்கள் அனுமதித்த அட்டைகளைத் தவிர வேறொன்றைப் போட்டால் கணினியைத் தொடங்கவே விடமாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆகவே சொருகுகிறதுதான். கருவுக்குள் ஏற்கெனவே இடம்பெற்ற ஒரு சிப்பைத் தெரிந்தெடுத்தோம். கொழும்பில் ஒரு ஒன்லைன் கடையில் அது இருந்தது. விற்பவரிடம் அவள் போனில் பேசினாள்.

"படம் வேணாம் நானா, எல்லாப் படமும் ஒண்டுதான். சாமானத் திருப்பி, அடியில இருக்கிற லேபிளப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவர் அனுப்பினார். அவள் படத்தைப் பெரிதாக்கி, இலக்கத்தை வாசித்து, சரியான பதிப்புத்தான் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் நிம்மதியாக இருந்தேன். இன்னும் சில நாள், பிறகு ராத்தாவின் ஹோல் ராத்தாவுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை ராத்தா மாடிப்படி ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழம கொஞ்சம் ஆக்கள் வருவாங்க. மகளப் பாக்க. கிண்ணியாவுல இருந்து."

"நல்ல விஷயம் ராத்தா. நான் அண்டைக்கு வகுப்பு வைக்கேல்ல."

"சீ, வேணாம் டீச்சர். புள்ளையளுக்குச் சோதின எண்டீங்களே. அவங்க அசர் தொழுகைக்குப் பொறகு வந்திட்டு, வெளிச்சத்தோட போயிருவாங்க. நீங்க ஒங்கட நேரத்துக்கு வாங்க."

உண்மையில் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை பள்ளியில் சோதனை. நான் சம்மதித்தேன். இன்றைக்கும் அந்த இடத்தில் நினைவு வந்து நிற்கும். வகுப்பைப் போனில், சிக்னல் உள்ள ஜெட்டியடியில் போய் நின்றாவது, எடுத்திருக்கலாம்.

ஞாயிறு நான் இறங்கியபோது ஹோலில் ஒருவரும் வந்திருக்கவில்லை. புதுத் திரைச்சீலை போட்டிருந்தது. கண்ணாடிக் கோப்பைகள் தட்டில் அடுக்கியிருந்தன. அவர்கள் புறப்படவே தாமதமாம், இனி நாளைக்குத்தான் போல என்றார் ராத்தா. நான் வயரைச் சொருகி வகுப்பைத் தொடங்கினேன். பாதி கடந்திருக்கும், வாசலில் வான் வந்து நின்றது.

மூன்று பெண்கள், ஒரு பெரியவர். நான் எழும்பினேன். "இரிங்க டீச்சர், இரிங்க" என்று ராத்தா கண்ணால் சொன்னார். கணினியை மூடி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஓடுவதற்கும் அவர்களைக் கடந்துதான் வாசலுக்குப் போகவேண்டும். மாப்பிள்ளையின் தாய், கட்டையான, களைத்துப்போன ஒரு அம்மா, முதல் கதிரைக்கு வந்தார். அவருடைய கால் வயரில் மாட்டியது. மேசையிலிருந்து கணினி இழுபட்டது. நான் அதைப் பிடித்தேன், ராத்தா அவரைப் பிடித்தார். ஒரு கண்ணாடிக் கோப்பை விழுந்து உடைந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் நெற்றியில் பொட்டு. என் முன்னால் கணினி.

"இவங்க ஆரு?"

"மேல்வீட்டு டீச்சர்" என்றார் ராத்தா. "எங்கட ஆள்தான். கனடாப் புள்ளையளுக்குப் படிச்சிக் குடுக்கிற."

"குடும்பம்?"

"தனியத்தான் இருக்கிறாங்க."

அந்த அம்மா தலையாட்டினார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, நான் அங்கே இல்லாதது போல அல்ல, இருப்பதனாலேயே கேட்க வேண்டியிருக்கிறது என்பது போலக் கேட்டார்.

"மேல்வீடுதானே புள்ளைக்கு? அதுல ஆக்கள் இரிக்கிறாங்க எண்டு சொன்னாங்க. எப்ப வெறுமையாகும்?"

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழமை. தம்பலகாமத்தில் என் அப்பா எனக்கென்று ஒதுக்கிய வளவில் இப்போது அண்ணனின் மகள் வீடு கட்டியிருக்கிறாள். ஒரே மகள், மேலே ஒரு வீடு. ஒரு கணக்கு டீச்சருக்கு இந்தக் கூட்டல் இத்தனை வருடமாகத் தெரியவில்லை. அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை. வாடகைகூடக் கூட்டவில்லை.

"அது பாத்துச் செய்வம். டீச்சர நாங்க எழும்பச் சொல்ல ஏலாது" என்றார் ராத்தா.

நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கணினியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒலிவாங்கியை நான் மூடவேயில்லை. சின்னவளின் குரல், அந்த ஹோல் முழுவதற்கும் கேட்டது.

"டீச்சர், அவங்க உங்களை வீட்ட விட்டுப் போகச் சொல்லீனமா?"

நான் கணினியின் மூடியை அப்படியே சாத்தினேன். வயரைப் பிடுங்கினேன். உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்த மகள் தலை தூக்கி என்னைப் பார்த்தாள். நல்ல நீலச் சாரி உடுத்தியிருந்தாள். தேநீர்த் தட்டோடு வரவேண்டியவள், கையில் விளக்குமாற்றோடு நின்றாள். அவர்கள் அவளைப் பார்த்தது அப்படித்தான்.

அடாப்டர் செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்தது. சொருகியதும் ஒரு வினாடிகூட இல்லை, அயல் வீடுகளின் வைஃபை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் தெரிந்தெடுத்தது சரியாக இருந்தது. மேல்வீட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, துறைமுகத்துப் பக்கம் பார்த்த ஜன்னலோரம் இருந்து அடுத்த சனிக்கிழமை பாடம் எடுத்தேன். ஒரு தடங்கலும் இல்லை. அந்த நிம்மதிக்காக எவ்வளவு பாடுபட்டேன். இப்போது அந்த அறையின் நான்கு சுவரும் வேறு ஒருத்தியுடையவை என்று தெரிந்துகொண்டே இருந்தேன். சின்னவள் அன்று முழுக்க ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பாடம் முடிந்து அவளுடைய தாய் செய்தி அனுப்பினார். பாலையூற்றில் தங்களுடைய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது, வாடகை வேண்டாம், டீச்சர் போய் இருங்கோ என்று. அதைப் படித்தபோது உடம்பெல்லாம் சூடாகியது. ஐந்து வீட்டிலும் என் கதை கதைக்கிறார்கள். நன்றி சொல்லி, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன்.

பிறகு நானே பாலையூற்றில் வேறொரு இடம் தேடினேன். இரண்டு அறை, தனிக் கிணறு. ராத்தாவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். உண்மையான கோபம்.

"நாங்க போகச் சொன்னமா டீச்சர்? ஆரோ வந்து கேட்டதுக்கு நீங்க எழும்பிப் போறதா? ஊர் என்ன சொல்லும், டீச்சர எழுப்பிப்போட்டாங்க எண்டுதானே?"

நான் போனால் அவருக்கு அவமானம், இருந்தால் எனக்கு. பாலையூற்றில் காற்று நல்லம், எனக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏலாது என்றேன். அவர் நம்பவில்லை.

கிண்ணியாச் சம்பந்தம் நடக்கவில்லை. அவர்கள்தான் சொல்லி அனுப்பினார்கள் என்று ராத்தா ஒருமுறை சொன்னார். வேண்டாம் என்றது தான்தான் என்று மகள் சொன்னாள். "வந்து ஒரு மணித்தியாலம் இருந்தாங்க டீச்சர். நான் என்ன படிச்ச, என்ன வேல எண்டு ஒருத்தரும் கேக்கல. நீங்க ஏன் அத உங்கட தலையில போட்டுக்கிறீங்க?" எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டில் ஒன்று எனக்காகச் சொன்னது.

மறு வருடம் அவளுக்கு மூதூரில் சம்பந்தம் சரிவந்தது. கலியாணத்துக்குப் போனேன். மேல்வீட்டுக்குப் புதுக் கதவு போட்டிருந்தார்கள். அவள் என்னைக் கையைப் பிடித்து எல்லா அறைகளையும் காட்டினாள், நான் அங்கே ஒருநாளும் இருக்காதவள் போல. நானும் முதல் தடவை பார்ப்பவள் போல, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு நடந்தேன்.

போன பெருநாளைக்கு ராத்தா முச்சக்கரவண்டியில் பாலையூற்றுக்கு வந்தார், வட்டிலப்பமும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் உப்பில்லையே என்று கேட்டார். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் எழும்பவில்லை.

"டீச்சர்" என்றார் கடைசியில், "அண்டைக்கு அவங்க மேல்வீட்டக் கேக்கப் போறாங்க எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்கள வரச் சொன்ன. உங்களக் கண்டா கேக்க மாட்டாங்க எண்டு நெனச்சிட்டன்."

நான் அவருடைய கோப்பையை வாங்கி, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஓம் என்றார். குசினிக்குள் போய், கேத்தல் சூடாகும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.